காத்திருக்கும் வகுப்பறை: இத்தாலியில் கண்ட ஒரு பள்ளி

குழந்தைகள் நரம்பியல் புறநோயாளிகள் பிரிவிற்கு வரும் பெற்றோர் என்னிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். ஒன்று, "இது குணமாகுமா, டாக்டர்?" என்பது. மற்றொன்று, "இவனை எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறது?" என்பது. முதல் கேள்விக்கு விடை சொல்வதற்காகப் பல ஆண்டுகள் படித்திருக்கிறேன். இரண்டாவது கேள்வியைப் பற்றி எந்த மருத்துவக் கல்லூரியிலும் எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. ஆயினும் அதற்கும் விடை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

அவ்வாறு சொன்ன ஒரு விடையைப் பற்றி முதலில் எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாய் அழைத்து வந்தார். கால் தசைகளில் இறுக்கம் இருந்தது. காலிபர் அணிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் நடப்பான். பேச்சு குழறும், ஆனால் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதில் குறை ஏதும் இல்லை. வீட்டிற்கு அருகிலிருந்த பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வருமாறு பள்ளியில் கேட்டிருந்தார்கள். நான் நோயின் பெயரை எழுதி, அதன் கீழே "சிறப்புப் பள்ளி பரிந்துரைக்கப்படுகிறது" என்று ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட்டேன். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தனர். அந்தக் கடிதத்திற்கு நான் இரண்டு நிமிடங்கள் செலவிட்டிருப்பேன்.

அந்த ஒரு வரியைக் காரணமாகக் காட்டிப் பள்ளி அவனை வெளியே அனுப்பிவிட்டது. சிறப்புப் பள்ளிக்குச் செல்ல இரண்டு பேருந்துகள் மாற வேண்டும். தாய் அவனை இடுப்பில் சுமந்துகொண்டு ஐந்து மாதம் போய்வந்தார். மழைக்காலம் தொடங்கியதும் அது நின்றுபோயிற்று. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அவன் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தான். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசி போடுவதற்காக மீண்டும் வந்தபோதுதான் எனக்கு இவையெல்லாம் தெரிந்தன. "நீங்க எழுதிக் கொடுத்ததைத்தான் டாக்டர் காட்டினோம்" என்றார் தாய். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

சென்ற அக்டோபரில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக இத்தாலியின் பொலோனியா நகருக்குச் சென்றபோது அந்தத் தாயின் சொற்களும் என்னுடன் வந்தன. அங்கு ஒரு பள்ளியில் நான் கண்டவற்றை நம் மருத்துவமனைக்கு வரும் பெற்றோருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சிறப்புப் பள்ளிகளை மூடிய நாடு

பொலோனியா பழம்பெரும் நகரம். 1088-இல் தோன்றியதாகக் கருதப்படும் அதன் பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் மிகப் பழமையான பல்கலைக்கழகமாகப் போற்றப்படுகிறது. நகரின் வீதிகளை ஒட்டித் தூண்கள் தாங்கிய மூடுநடைபாதைகள் 60 கிலோமீட்டருக்கும் மேலாக நீள்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மழை பெய்தாலும் குடையின்றிப் பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தைகளை அங்குக் காணலாம்.

மருத்துவனாகிய எனக்கு அந்நாட்டின் மீது ஆர்வம் ஏற்பட்டதற்குக் காரணம் வேறு. இத்தாலியில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் ஏறத்தாழ இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள் தம் தெருக் குழந்தைகளுடன் ஒரே வகுப்பில் படிக்கின்றனர். லேசான குறைபாடு உள்ளவர்கள் மட்டுமல்லர். பேச இயலாதவர்கள், நடக்க இயலாதவர்கள், குழாய் வழியே உணவு பெறுபவர்கள் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர்.

இந்நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1960-களில் அங்கும் நிறைய சிறப்புப் பள்ளிகள் இருந்தன. பொதுப் பள்ளிகளுக்குள்ளேயே பின்தங்கியவர்களுக்கெனத் தனி வகுப்புகளும் இருந்தன. ஏழைக் குழந்தைகளும் தெற்கிலிருந்து வடக்கே பிழைக்க வந்தவர்களின் குழந்தைகளும் பலர் அவற்றில் அடைக்கப்பட்டனர். 1967-இல் லொரென்ஸோ மிலானி என்னும் பாதிரியாரின் மலைக்கிராமப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து எழுதிய ஒரு நூல், பலவீனமானவர்களை வெளியேற்றும் கல்விமுறையைக் கடுமையாக விமரிசித்து நாட்டையே விழிக்கச் செய்தது. 1971-இல் இயற்றப்பட்ட 118-ஆம் எண் சட்டம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளிக் கதவைத் திறந்தது. ஆனால் மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு விலக்கு இருந்தது. 1977-இல் வந்த 517-ஆம் எண் சட்டம் தனி வகுப்புகளை ஒழித்து, ஆதரவு ஆசிரியர் என்னும் பணியிடத்தைப் பொதுப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. 1987-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மேல்நிலைக் கல்விக்கும் இவ்வுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. 1992-இல் வந்த 104-ஆம் எண் சட்டம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. மனநல விடுதிகளைப் படிப்படியாக மூட வழிசெய்த 1978-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே காலத்தைச் சேர்ந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, வகுப்பறையில் இதை எப்படிச் செய்வது என்று ஆசிரியர்களுக்குக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் பொலோனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆந்திரேயா கனேவாரோ. 1939-இல் பிறந்து 2022-இல் மறைந்த அவரை இத்தாலிய ஆசிரியர்கள் இன்றும் தம் வழிகாட்டியாகக் கருதுகின்றனர்.

இரண்டு ஆசிரியர்கள், பத்தொன்பது குழந்தைகள்

என்னை அழைத்துச் சென்றவர் அங்குள்ள குழந்தை நரம்பு மனநல மருத்துவர் ஒருவர். குழந்தைகளின் நரம்பியலும் மனநலமும் அங்கு ஒரே துறையாக விளங்குகின்றன. "இன்று எனக்குப் பள்ளியில் வேலை" என்று அவர் சொன்னபோது முதலில் எனக்குப் புரியவில்லை. பள்ளி நிர்வாகமும் உரிய பெற்றோரும் முன்கூட்டியே இசைவு தெரிவித்திருந்ததால் நானும் உடன் சென்றேன்.

அது ஒரு சாதாரண அரசுத் தொடக்கப்பள்ளி. பழைய கட்டடம். வாயிலில் ஒரு சரிவுப்பாதை பின்னாளில் சேர்க்கப்பட்டிருந்தது. அது சற்றுச் செங்குத்தாகவே இருந்தது. நாங்கள் நான்காம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்தோம். பத்தொன்பது குழந்தைகள் இருந்தனர். மாற்றுத்திறன் குழந்தை உள்ள வகுப்பில் வழக்கமாக 20 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பது அங்குள்ள விதி.

வகுப்பில் இரண்டு ஆசிரியைகள் இருந்தனர். அவர்களுள் யார் ஆதரவு ஆசிரியர் என்று கண்டுபிடிக்க முயன்றேன். கால்மணி நேரம் ஆகியும் முடியவில்லை. ஒருவர் கரும்பலகையருகே நின்றபோது மற்றவர் மேசைகளுக்கிடையே நடந்தார். பிறகு இருவரும் இடம் மாறிக்கொண்டனர். ஆதரவு ஆசிரியர் ஒரு குழந்தைக்கு மட்டும் உரியவர் அல்லர், முழு வகுப்புக்கும் பொறுப்பாளர் என்று சட்டமே சொல்கிறது எனப் பின்னர் அறிந்தேன். குழந்தைகள் இருவரையும் ஒரே சொல்லால் "மாஎஸ்த்ரா" என்றே அழைத்தனர். நம் ஊரில் "டீச்சர்" என்பதைப் போன்ற சொல் அது.

அன்றைய பாடம் எடை. இலையுதிர்காலம் ஆதலால் மலைப்பகுதியிலிருந்து வந்த செஸ்ட்நட் கொட்டைகளை ஒரு கூடை நிறைய வைத்திருந்தார்கள். ஒரு பழைய இருதட்டுத் தராசு. ஒரு பக்கம் கொட்டைகள், மறுபக்கம் எடைக்கற்கள். நிறுத்துப் பார்ப்பதற்கு முன், எந்தத் தட்டு தாழும் என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்லும் பொறுப்பு ஒரு சிறுமிக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஒன்பது வயது. சக்கர நாற்காலியில் இடுப்பும் மார்பும் பட்டைகளால் தாங்கப்பட்டு அமர்ந்திருந்தாள். மூளை முடக்குவாதத்தில் ஒரு வகை உண்டு. அதில் உடல் தானாகவே முறுக்கிக்கொள்ளும். கை ஒன்றை எட்டப் போனால் வேறெங்கோ போகும். முகத்தசைகளும் வாயும் கட்டுப்பாட்டில் இரா. ஆனால் அறிவு பெரும்பாலும் உள்ளே விழித்திருக்கும். அவளுக்கு அவ்வகைப் பாதிப்பு. பேச்சு இல்லை. அவளுக்கு முன்னால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பலகை ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. அதன் இடப்புறம் ஒரு படம், வலப்புறம் ஒரு படம். எதை நோக்கி அவள் கண் நிலைக்கிறதோ அதுவே அவள் விடை.

ஆசிரியை கேள்வியைக் கேட்டார். சிறுமியின் உடல் முழுவதும் ஒருமுறை முறுக்கிக்கொண்டது. தலை பின்னுக்குச் சாய்ந்தது. கண்கள் மேலே சென்றன. நான் என்னையறியாமல் அவள் சார்பில் யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் பேசவில்லை. பதினெட்டுக் குழந்தைகளும் காத்திருந்தனர். பொறுமையைக் காட்டிக்கொள்வதற்காகக் காத்திருக்கவில்லை. ஒருவன் பென்சிலைச் சீவினான். ஒருத்தி கொட்டையொன்றை மேசைமேல் உருட்டினாள். பேருந்து வரும் வரை நிற்பதைப் போன்ற இயல்பான காத்திருப்பு அது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ பன்னிரண்டு வினாடிகள். அதற்குள் அவள் உடல் தளர்ந்தது. தலை முன்னுக்கு வந்தது. கண்கள் வலப்புறம் நிலைத்தன. "வலது!" என்று இரண்டு மூன்று குரல்கள் அவள் விடையை அறிவித்தன. தராசில் வைத்தார்கள். இடது தட்டுதான் தாழ்ந்தது. அவள் விடை தவறு. வகுப்பு முழுவதும் சிரித்தது. அவளும் உரக்கச் சிரித்தாள்.

அந்தத் தவறான விடை என்னைச் சிந்திக்க வைத்தது. என் அறையில் இத்தகைய குழந்தையிடம் நான் பெயரைக் கேட்பேன். மூன்று அல்லது நான்கு வினாடி பார்ப்பேன். பிறகு தாயின் பக்கம் திரும்பிவிடுவேன். இவ்வகைப் பாதிப்பில் மூளையிலிருந்து கட்டளை புறப்பட்டுத் தசைக்குச் சென்று சேர அதிக நேரம் பிடிக்கும் என்பது நான் படித்த பாடம். பிறருக்கும் கற்பித்த பாடம். அந்த நேரத்தை நான் கொடுத்ததில்லை. ஒன்பது வயதுக் குழந்தைகள் கொடுத்தார்கள். நரம்பியலை அவர்கள் படிக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அவளுடன் ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள். அதுவே அவர்கள் பெற்ற பயிற்சி.

அதே வகுப்பில் ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவனும் இருந்தான். ஒலியைக் குறைக்கும் காதணியை மாட்டியிருந்தான். சிரிப்பொலி எழுந்தபோது அவன் எழுந்து, அறையின் மூலையில் திண்டுகள் போட்டிருந்த இடத்திற்குச் சென்று படுத்துக்கொண்டான். சிறிது நேரத்தில் வேறொரு சிறுமியும் அங்கே போய்ப் படுத்தாள். அவளுக்கு எந்தக் குறைபாடும் இல்லை, தலைவலியாம். அந்த மூலை எல்லோருக்கும் பொதுவானது.

உணவும் கழிப்பறையும்

நண்பகல் உணவு பள்ளியிலேயே. அந்தச் சிறுமிக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. நீர்ப்பொருள் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். ஆகவே அவளுடைய பாஸ்தா மசிக்கப்பட்டு, தண்ணீர் கெட்டியாக்கப்பட்டு வந்தது. உணவூட்டியவர் உள்ளாட்சி அமைப்பு நியமித்த உதவியாளர். தலையைச் சற்று முன்னுக்குத் தாழ்த்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்த வாய் என அவர் ஊட்டிய முறையில் ஒரு பிழையும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் அவள் தனியறையில் உண்ணவில்லை. தோழிகளின் நடுவே, அதே மேசையில் உண்டாள்.

கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது யார் என்று கேட்டேன். நம் ஊரில் பெண் குழந்தைகளின் தாய்மார் பலர் இதற்காகவே பள்ளி வாசலில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பதை நான் அறிவேன். அங்கே பள்ளிப் பணியாளர்களின் கடமைகளில் இதுவும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. மணி அடிப்பவரும் தாழ்வாரத்தைத் துடைப்பவருமான ஓர் அம்மையார் அச்சிறுமியை அழைத்துச் சென்றுவந்தார். தாய் வேலைக்குப் போயிருந்தார். குழந்தை பள்ளியில் சேர்ந்ததால் தாயின் வாழ்வும் மீண்டது என்பதை அப்போது உணர்ந்தேன்.

வட்ட மேசையில் மருத்துவர்

பிற்பகலில் கூட்டம். ஒவ்வொரு மாற்றுத்திறன் குழந்தைக்கும் ஆண்டுதோறும் ஒரு தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்பட வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் அது முடிவாக வேண்டும் என்பது ஒழுங்கு. அதற்கெனக் கூடும் குழுவில் வகுப்பாசிரியர்கள், ஆதரவு ஆசிரியர், உதவியாளர், இயன்முறை மருத்துவர், நரம்பு மனநல மருத்துவர், பெற்றோர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்கின்றனர். மேல்நிலைப் பள்ளி என்றால் மாணவரும் அமர்வார்.

முதலில் பேசியவர் தாய். மகள் இந்த ஆண்டு எதைக் கற்க வேண்டும் என்று கேட்டார்கள். எழுத்து, எண் என்று அவர் தொடங்குவார் என நினைத்தேன். "வேண்டாம் என்று சொல்லக் கற்க வேண்டும்" என்றார். எல்லோரும் அவளுக்கு உதவுகிறார்கள்; உதவி வேண்டாத நேரத்திலும் உதவுகிறார்கள்; அவளால் தடுக்க முடியவில்லை என்பது அவர் விளக்கம். அதுவே அவ்வாண்டுத் திட்டத்தின் முதல் இலக்காக எழுதப்பட்டது. பலகையில் "வேண்டாம்" என்பதற்கு ஒரு நிலையான இடம் ஒதுக்கப்பட்டது.

பிறகு ஆசிரியை மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டார். காலை முதல் பாடவேளையில் சிறுமி தூங்கி வழிகிறாள், சோம்பலா, சோர்வா? மருத்துவர் வலிப்பு மருந்தின் அளவையும் கொடுக்கும் நேரத்தையும் பார்த்தார். காலை மருந்தை வீட்டில் சற்று முன்னதாகக் கொடுக்கலாம், கணக்குப் பாடத்தைப் பத்து மணிக்குப் பிறகு மாற்றலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தனர். இதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு குழந்தையின் கல்வியில் மருத்துவன் செய்யக்கூடிய பணி இதுதான் என்று எனக்குத் தோன்றியது. எந்தப் பள்ளி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அன்று. அந்தப் பள்ளியில் அவள் விழித்திருக்க வழி செய்வதே என் வேலை.

அங்கும் குறைகள் உண்டு

எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதினால் அது உண்மையாகாது. அன்று மாலை வேறொரு குழந்தையின் தந்தையுடன் பேசினேன். மூன்று ஆண்டுகளில் மூன்று ஆதரவு ஆசிரியர்கள் மாறிவிட்டனர் என்றார். செப்டம்பர் மாதத்தில் பள்ளி திறந்தும் ஆசிரியர் வந்துசேராமல் பல வாரங்கள் போவதுண்டு. போதிய சிறப்புப் பயிற்சி பெறாதவர்களும் அப்பணியில் அமர்த்தப்படுகின்றனர். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. சில பள்ளிகளில் குழந்தையை வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் சென்று தாழ்வாரத்தில் தனியாக உட்கார வைத்துப் பாடம் நடத்தும் பழக்கமும் உண்டு என்று ஆசிரியைகளே வருத்தத்துடன் சொன்னார்கள்.

"அப்படியானால் சிறப்புப் பள்ளியே மேல் என்று எப்போதாவது நினைத்ததுண்டா?" என்று அந்தத் தந்தையிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்தார். இந்தப் பள்ளியின் மீது தனக்கு நிறையக் கோபம் உண்டு. ஆனால் கடைவீதியில் நடக்கும்போது தன் மகனைப் பெயர் சொல்லி அழைக்கும் பிள்ளைகள் இருபது பேர் உண்டு என்றார்.

சிறப்புப் பள்ளிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நம் நாட்டில் வேறு எவரும் கதவைத் திறக்காத காலத்தில் அவை திறந்தன. சைகைமொழி தேவைப்படும் காதுகேளாத குழந்தைகளுக்கு, அம்மொழி பேசும் தோழர்களும் ஆசிரியர்களும் உள்ள இடம் இன்றியமையாதது. தீவிரப் பயிற்சி தேவைப்படும் காலங்களும் சில குழந்தைகளுக்கு உண்டு. ஆனால் குழந்தையின் நோய்ப் பெயர் ஒன்றை மட்டுமே பார்த்துப் பள்ளியைத் தீர்மானிக்கக் கூடாது. நான் செய்த பிழை அதுவே.

நம் பெற்றோர் செய்யக்கூடியவை

இத்தாலியின் சட்டத்தைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. நம்மிடமும் சட்டம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெறலாம் என அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு கூறுகிறது. தேர்வு செய்யும் உரிமை குழந்தைக்கும் குடும்பத்திற்கும் உரியது. மருத்துவருக்கோ தலைமையாசிரியருக்கோ உரியதன்று. அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெறும் பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என 16-ஆம் பிரிவு கூறுகிறது.

இனி, நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியவை:

1. மாற்றுத்திறனாளி சான்றிதழையும் யூ.டி.ஐ.டி. அட்டையையும் காலம் தாழ்த்தாமல் பெறுங்கள். பள்ளிச் சேர்க்கை, உதவித்தொகை, உபகரணங்கள், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உதவி ஆகிய பலவற்றுக்கும் இவை அடிப்படை.

2. உங்கள் பகுதியின் வட்டார வள மையத்திற்குச் செல்லுங்கள். அங்குச் சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு உண்டு.

3. மருத்துவரிடம் கடிதம் கேட்கும்போது நோயின் பெயரோடு நிறுத்திவிடாமல், குழந்தைக்கு என்ன தேவை என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முன்வரிசையில் அமர்த்த வேண்டுமா, எந்த வகை நாற்காலி, ஒரே நிலையில் எவ்வளவு நேரம் உட்காரலாம், எப்போது தண்ணீர் தர வேண்டும், விடை சொல்ல எவ்வளவு அவகாசம் தேவை என்பன ஆசிரியருக்குப் பயன்படும் செய்திகள்.

4. மருந்து கொடுத்த பின் எந்த நேரத்தில் தூக்கம் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து எங்களிடம் காட்டுங்கள். நேரத்தையோ அளவையோ நீங்களாக மாற்றாதீர்கள். சேர்ந்து முடிவு செய்வோம்.

5. வலிப்பு உள்ள குழந்தையாயின் முதலுதவியை ஆசிரியருக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்த வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது; கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது; கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்திற்கு மேல் வலிப்பு நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட வகுப்பு அஞ்சாது. அஞ்சாத வகுப்பு குழந்தையை வெளியே அனுப்பச் சொல்லாது.

6. வீட்டில் குழந்தையிடம் கேள்வி கேட்டால் மனத்திற்குள் பத்து வரை எண்ணுங்கள். அதன் பிறகும் விடை வராவிட்டால் மட்டும் உதவுங்கள். விருந்தினர் கேட்டாலும் மருத்துவர் கேட்டாலும் இதுவே முறை. நாங்கள் அவசரப்பட்டால், "கொஞ்சம் இருங்க டாக்டர், அவளே சொல்லட்டும்" என்று எங்களையும் நிறுத்துங்கள்.

திண்ணையிலிருந்து வகுப்பறைக்கு

ஊர் திரும்பிய பிறகு அந்தச் சிறுவனின் கோப்பை எடுத்தேன். தாயைத் தொலைபேசியில் அழைத்து, முன்பு நான் எழுதியது சரியன்று என்று சொன்னேன். மருத்துவர்கள் அவ்வாறு சொல்வது அவருக்குப் புதிது போலும். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். புதிய கடிதம் ஒன்றை எழுதினேன். அதில் நோயின் பெயர் ஒரு வரி. தேவைகள் பதினொரு வரி. அதை எழுத அரைமணி நேரம் ஆயிற்று. வட்டார வள மையச் சிறப்பாசிரியரும் தாயும் அதை எடுத்துக்கொண்டு வீட்டருகே உள்ள அரசுப் பள்ளிக்குச் சென்றார்கள்.

அவன் இப்போது அங்கே படிக்கிறான். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. இழந்த இரண்டு ஆண்டுகள் எழுத்தில் தெரிகின்றன. தன்னைவிடச் சிறியவர்களுடன் அமர்வது அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி வைக்கக் கேட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. மதிய வேளையில் தாய் ஒருமுறை சென்றுவருகிறார்.

சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது, "பள்ளிக்கூடத்துல உன் பக்கத்துல உட்கார்றது யாரு?" என்று அவனிடம் கேட்டேன். தாய் வாய் திறந்தார்; கையசைத்துத் தடுத்தேன். அவன் உதடுகள் முயன்றன, நின்றன, மீண்டும் முயன்றன. வெளியே வரிசை நீண்டிருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கில் ஒரு பெயர் வந்தது. அதைத் தொடர்ந்து, நான் கேட்காத இரண்டாவது பெயரும் வந்தது.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன் குழந்தையின் பள்ளி நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். பள்ளிக்குச் செல்லாத குழந்தையாயின் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் போலவே அதுவும் நாங்கள் அறிய வேண்டிய செய்திதான்.